எல்லிங்ஸ்ருட் ஐயனார்

எங்கள் வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டலாம், என்ன படம் மாட்டக்கூடாது என்பதில் அம்மா கண்டிப்பானவர். அழுகிற முகம் கூடாது. தனியே நிற்கிற பட்டமரம் கூடாது. அலையில் அகப்பட்ட படகு அறவே கூடாது. பொழுதுபடுகிற காட்சியும் கூடாது, அது விடியற்காலையாகவும் இருக்கலாமே என்று வாதாடினால், "ஏறுதோ இறங்குதோ எண்டு தெரியாத சூரியன் எங்களுக்கு என்னத்துக்கு?" என்பார். இந்தக் கணக்கில் பார்த்தால் நோர்வே நாட்டு ஓவியங்களில் முக்கால்வாசியை ஒஸ்லோவில் எல்லிங்ஸ்ருட் பகுதியிலிருந்த எங்கள் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. நானோ பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்துக்கொண்டிருந்தேன்.

முதலாம் வருடம் அருங்காட்சியகக் கடையில் ஒரு படம் வாங்கிவந்து என் அறையில் ஒட்டினேன். தலையணையில் சாய்ந்திருக்கும் நோயாளிப் பெண்பிள்ளை, பக்கத்தில் தலைகுனிந்த தாய். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, என் அறை வாசலில் நின்று பார்த்தார்.

"நாள் முழுக்க வருத்தக்காரரோடைதான் நிண்டிட்டு வாறன். வீட்டை வந்தும் ஒருத்தி கிடக்கிறாள்."

"அது இந்த நாட்டின்ரை பொக்கிஷம், அம்மா."

"அப்ப நாட்டிலையே இருக்கட்டும்."

மறுநாள் படம் சுருட்டப்பட்டு நிலவறைச் சாமான்களோடு கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. ஆனால் நான் கோபப்பட்டிருக்க வேண்டியது அந்தப் படத்துக்காக அல்ல. வீட்டில் இருந்ததிலேயே பயப்பட வேண்டிய படத்துக்கு அம்மா தினமும் பொட்டு வைத்துப் பூ வைத்துக்கொண்டிருந்தார். நானும் அதன் முன்னால் நின்று கும்பிட்டுத்தான் சோதனைகளுக்குப் போயிருக்கிறேன்.

அது அப்பா கொண்டுவந்த மேளம். எண்பதுகளில் அப்பா பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டினார். நாட்டின் வடக்கு உச்சியில், மரம் முளைக்காத கடற்கரை ஊர் அது. அங்கிருந்து ஒஸ்லோவுக்குப் புறப்பட்டபோது, பக்கத்தில் நின்று மீன் வெட்டிய ஒருவர் ஒரு சின்ன மேளத்தை அப்பாவின் கையில் கொடுத்தார். நீள்வட்ட மரக் குடுவை, மேலே துருவமான் தோல், தோல் முழுக்கச் செம்மண் நிறத்தில் சின்னச் சின்ன உருவங்கள். "சாமிஸ்க்," என்று அவர் சொன்னாராம். அப்பாவுக்கு அப்போது தெரிந்த நோர்வேஜிய மொழி மீன் பெயர்களோடு சரி. அந்தச் சொல்லில் அவருக்குக் கேட்டது 'சாமி' மட்டும்தான். வடக்கில் ஆதியிலிருந்து வாழும் மக்களின் பெயர் சாமி என்பதும், சாமிஸ்க் என்றால் அவர்களுடையது என்று அர்த்தம் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? விமானத்தில் மடியில் வைத்தபடி வந்து, "இது அவையின்ரை சாமி மேளம், கீழை வைக்காதை," என்று அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் அதை ஏற்றிவிட்டார். தோலின் நடுவில் கதிர் விரித்த சூரியன். சுற்றிவர மான்கள், படகுகள், கோடு கோடாய் மனிதர்கள். வலது ஓரத்தில் குதிரையில் ஒருவர். ஊரில் குதிரையில் வருகிறவர் ஐயனார்தானே? குங்குமம் அவருக்குத்தான் விழுந்தது.

நாலாம் வகுப்பில் சாமி மக்களைப் பற்றிப் பாடம் வந்தபோது நான் வீட்டுக்கு ஓடிவந்து விஷயத்தை உடைத்தேன். அப்பா கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"பேரைப் பாத்தே நான் கும்பிடுறனான்?" என்று கேட்டுவிட்டுத் திரியைத் தூண்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் 'நாட்டின் கலை' என்றொரு முழு வருடப் பாடம் எடுத்தேன். விரிவுரையாளர் வடக்குப் பெண், குரல் உயர்த்தாதவர். முதல் நாளே ஒரு கேள்வி போட்டார்: இந்த நாட்டின் கலை எங்கே தொடங்குகிறது? ஒருவர் வைக்கிங் கப்பல் என்றார். ஒருவர் பாறைச் செதுக்கல் என்றார். அவர் திரையில் ஒரு மேளத்தைக் காட்டினார். எங்கள் வீட்டு மேளத்தின் அண்ணன் என்று சொல்லலாம், அப்படியொரு சாயல்.

பழைய பாடநூல்களில் இந்த மேளங்களுக்கு இடமில்லை என்றார். அவற்றைச் சறுக்குவண்டிகளோடும் சட்டி பானையோடும் சேர்த்துவிட்டு, ஓவியம் என்றால் ஜெர்மனியில் படித்துவந்து மலையை வரைந்தவர்களிலிருந்து தொடங்கினார்களாம். அதற்கும் முன்னால், பாதிரிமார் மேளங்களைப் பறித்து எரித்த காலம் ஒன்று இருந்தது. மேளம் வைத்திருந்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தி, இது யார், இது என்ன என்று ஒவ்வொரு உருவத்துக்கும் விளக்கம் கேட்டார்கள். இன்று நமக்குத் தெரிந்ததில் பாதி அந்த வாக்குமூலங்கள்தான். நடுங்கிக்கொண்டு நின்ற மனிதர்கள் சொன்ன விளக்கம். அகதி விசாரணையில் அப்பா சொன்னதை மட்டும் வைத்து எங்கள் குடும்ப வரலாற்றை எழுதினால் எப்படியிருக்கும் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த படம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வலது ஓரத்துக் குதிரைக்காரரைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"இவன் நோயைக் கொண்டுவருபவன். நோயும் சாவும். அன்தாகெலி," என்றார்.

அன்தாகெலி என்றால் 'பெரும்பாலும்', 'அப்படித்தான் போல'. படித்த நோர்வேஜியர் வாயில் நாளுக்கு நூறு தரம் வரும் சொல். அவன் ஊருக்குள் வந்துவிட்டால் ஒரு குதிரையைக் கொன்று மண்ணில் புதைப்பார்களாம். அந்தக் குதிரையில் ஏறி அவன் போய்விடுவானாம். நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தப் பொட்டில்லாத நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்த வாரங்களில் அந்த ஆள் என்னை விடவில்லை. பழைய மரத் தேவாலயங்களின் கதவுகளைக் காட்டினார்கள். ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு சுருண்ட விலங்குகள். கொள்ளைநோயை ஒரு கிழவியாக நினைத்து வரைந்ததைக் காட்டினார்கள். அவள் கையில் இலை வாரும் வாரியோடு வந்தால் அதன் பல்லிடுக்கில் சிலர் தப்புவார்கள், விளக்குமாறோடு வந்தால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள் என்பது இங்கத்தைய பழைய நம்பிக்கை. பிறகு கறுத்த மலைகள், மூழ்கும் படகுகள், நோயாளிக் கட்டில்கள், இரத்தச் சிவப்பு வானம். கடைசியில், ஆற்றை மறித்து அணை கட்டியதை எதிர்த்த காலத்தில் சாமி ஓவியர்கள் வரைந்தவை. அவற்றிலும் யாரோ வந்துகொண்டிருந்தார்கள், இந்த முறை சீருடையில். மற்றவர்கள் பாணி, காலம், செல்வாக்கு என்று குறிப்பெடுத்தார்கள். எனக்கு எல்லாம் ஒரே படமாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் வாசலை நோக்கி வருகிறார், வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.

வீட்டில் அந்த நேரம் நிலைமை வேறு. அம்மாவின் தம்பி, என் மாமா, வன்னியில் இருந்தார். சண்டை இறுகிக்கொண்டே போனது. அவர்கள் ஊர் விட்டு ஊர் ஓடிக்கொண்டிருந்தார்கள். முதலில் வாரம் ஒருமுறை தொலைபேசி வரும். பிறகு மாதம் ஒருமுறை. தை மாதத்துக்குப் பிறகு அதுவுமில்லை. அம்மா வேலையால் வந்து கை கால் கழுவியதும் நேரே சாமி அலுமாரிக்கு முன் நிற்பார். பிள்ளையாரையும் முருகனையும் தாண்டி, கற்பூரம் குதிரைக்காரருக்குப் போனது.

"எலியும் மயிலும் அந்தச் சண்டைக்குள்ளாலை என்னண்டு போறது? குதிரைதான் சரி," என்று அப்பாவிடம் சொன்னார். பகிடியாகத்தான் தொடங்கினார். ஆனால் ஒருநாள் நான் சமையலறையில் நிற்கும்போது அவருடைய வேண்டுதல் காதில் விழுந்தது.

"ஐயா, இஞ்சை நிண்டு என்ன செய்யிறீர்? அங்கை போம். என்ரை தம்பிக்குப் பக்கத்திலை நில்லும்."

யாரை எங்கே அனுப்புகிறார் என்று தெரியாமல் அனுப்புகிறார். இதெல்லாம் வெறும் கோடு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன். பயந்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

மேளத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து விரிவுரையாளரிடம் காட்டினேன். அன்று எங்களை ஏக்கபெர்க் குன்றுக்கு, பாறைச் செதுக்கல்கள் பார்க்கக் கூட்டிப்போயிருந்தார். பனியைக் கையால் ஒதுக்கினால் சிவப்பு மை பூசிய கடமான்கள், ஆயிரமாயிரம் வருடத்துக்கு முந்தியவை. கீழே சாம்பல் நிறக் கடலும் பட்டணமும். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

பழையது அல்ல, சுற்றுலாக்காரருக்குச் செய்தது என்றார். ஆனால் செய்தவருக்குத் தொழில் தெரியும், மரப்பட்டையை வாயில் போட்டு மென்று, அந்தச் சாற்றில்தான் வரைந்திருக்கிறார் என்றார்.

"இந்தக் குதிரைக்காரன் மேல் என்ன சிவப்பு?"

"அம்மா வைத்த பொட்டு."

கைத்தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு, "அவர் யார் என்று உன் அம்மாவுக்குச் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டார். பாடம் நடத்துகிறவரின் குரல் இல்லை அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு சொன்னேன். முதலில் மென்ற பட்டையைச் சொல்லிப் பார்த்தேன். எச்சில் பட்ட பொருள் என்றால் அம்மாவே எடுத்துக் கீழே வைத்துவிடுவார், மற்றதைச் சொல்லத் தேவையிராது என்பது என் நினைப்பு.

"எச்சில் இறைச்சியையே சிவன் ஏற்றவர். உது ஒரு குற்றமே?"

வேறு வழியில்லாமல் முழுவதையும் சொன்னேன். "அவர் ஐயனார் இல்லை அம்மா. வருத்தத்தைக் கொண்டாறவர். சாவைக் கொண்டாறவர்."

அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திடுக்கிடுவார், அழுவார், மேளத்தைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப அம்மாள் ஆர்?" என்றார். "மேலிலை கொப்பளம் போட்டா அம்மாள் வருத்தம் எண்டுதானே சொல்லுறம். தாறவளிட்டைத்தானே எடு எண்டு கேக்க வேணும். வேறை ஆரிட்டைக் கேக்கிறது?"

நாலு வருடப் படிப்பில் அப்படி ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"அவையள் அவருக்கு என்ன குடுத்தவை?"

"குதிரை. மண்ணுக்குள்ளை புதைப்பினமாம். அதிலை ஏறி அவர் போயிடுவாராம்."

"போயிடுவாரே?"

"ஓம்."

விரிவுரையாளர் சொன்ன அன்தாகெலியை நான் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அதற்கு முன்னால் 'அப்படித்தான் போல' என்று இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கிழமையே அம்மா ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் குதிரை வாங்கி வந்தார். மங்கிய மஞ்சள் உடம்பு, பிடரியில் கறுப்புக் கோடு, இந்த நாட்டுக் குதிரை. அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனி வீட்டிலை வைக்கல் போரும் கட்டவேணுமே?" என்றார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேலங்கியை மாட்டிக்கொண்டு, தோசைக் கரண்டியோடு கீழே இறங்கினார். எங்கள் கட்டடத்து வாசலில் ஒரு லைலாக் செடி நின்றது. பனியை ஒதுக்கிவிட்டு அதன் அடியில் குத்தினார். மண் இரும்பாய் இருந்தது. கரண்டி வளைந்துவிட்டது.

"பல்கணியிலை பூச்சாடி இருக்குத்தானே அம்மா, அதுக்குள்ளை தாட்டால் என்ன?"

"சாடிக்குள்ளை இருக்கிறது மண்ணே? நிலத்திலை தாட்டால்தான் தாட்டது."

குதிரை மேளத்துக்குப் பக்கத்தில் ஏறியது. நாங்கள் மண் இளகக் காத்திருந்தோம். அது பங்குனி மாதம். தொலைக்காட்சியில் கடற்கரை மணலில் கூடாரங்கள், ஓடுகிற சனம். அம்மா பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் மற்றத் தமிழ்ச் சனத்தோடு நிற்பார். அங்கிருந்து வந்து, கட்டடத்துக்குள் நுழையுமுன் சப்பாத்து நுனியால் லைலாக் அடியை ஒருதரம் தட்டிப் பார்ப்பார். கட்டடத்தின் நிழல் பக்கம் என்பதால் அங்கே மட்டும் கடைசிவரை உறைந்து கிடந்தது. மண் கல்லாய் இருந்த அத்தனை நாளும் எனக்கு இந்த நாட்டின் மேலேயே ஆத்திரமாய் வந்தது.

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து இரண்டாவது கிழமை மண் விட்டுக்கொடுத்தது. அயலவர் வருகிறார்களா என்று நான் பார்த்து நிற்க, அம்மா முழங்கை ஆழத்துக்குக் கிண்டினார். குதிரைக்கும் ஒரு பொட்டு வைத்துத்தான் இறக்கினார். மூடி மிதித்த பிறகு, "போம் ஐயா," என்றார். அன்றைக்கு அம்மா வயிறாரச் சாப்பிட்டார்.

வைகாசியில் டுக்னாட் வந்தது. மே பதினேழாம் திகதித் தேசியக் கொடிநாளுக்கு முன்னால் கட்டடத்தார் எல்லாரும் கூடி முற்றம் துப்புரவாக்கும் வழக்கம் இங்கே உண்டு. போகாவிட்டால் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த வருடம் ஒருவருக்கும் போக மனமில்லை. பல்கணியில் நின்று பார்த்தேன். மேல்மாடிக் கிழவி வாரியால் பழைய இலைகளை வாரிக்கொண்டிருந்தார். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். வாரி சுவரில் சாய்ந்திருந்தது. கிழவியின் கையில் விளக்குமாறு. வாசலிலிருந்து லைலாக் வரை ஒரு தூசி விடாமல் கூட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுசி, எனக்குச் சின்னதில் இனிப்புத் தந்தவர். என்னைக் கண்டு கையசைத்தார். நான் திருப்பி அசைக்காமல் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டேன்.

கொடிநாளன்று பிள்ளைகள் வாத்தியம் முழங்கப் போனார்கள். அடுத்த நாள் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி சொன்னார்கள்.

ஆனியில்தான் மாமியின் அழைப்பு வந்தது, முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் தொலைபேசியில். நான்தான் எடுத்தேன்.

"மாமாவுக்குச் செல்லடி படேல்லை பிள்ளை. எல்லாச் செல்லுக்கும் தப்பினவர்," என்றார் மாமி. "காய்ச்சல். சித்திரைப் பறுவத்தண்டு துவங்கினது. மருந்தில்லை. பதுங்குகுழிக்குள்ளையே வைச்சு மூடிப்போட்டு ஓடினனாங்கள்."

அம்மா தொலைபேசியை வாங்கினார். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வைத்த பிறகும் அழவில்லை. சித்திரைப் பறுவம், செத்துப்போன தாய்க்கு விரதம் இருக்கிற முழுநிலா நாள். அம்மா அன்று கஞ்சி காய்ச்சியிருந்தார். குதிரை அதற்கு இரண்டு கிழமை முந்தியே மண்ணுக்குள் போய்விட்டது.

"பிள்ளை, குதிரை குடுத்தா அவர் போயிடுவாரெண்டு சொன்னனீ."

"அம்மா..."

"எந்த இடத்தை விட்டுப் போவார்? தாட்ட இடத்தை விட்டுத்தானே?"

அவ்வளவு படித்த எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. குதிரையைப் புதைத்தவர்கள் தங்கள் ஊரைவிட்டு அவனை அனுப்புவதற்குத்தான் புதைத்தார்கள்.

"அதெல்லாம் சரியோ பிழையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது அம்மா. அன்தாகெலி எண்டுதான் சொன்னவை. எனக்குத்தான்..."

அம்மா வளைந்த தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் பின்னால் ஓடினேன். லைலாக் அடியில் டுக்னாட்காரர் வரிசையாக ஊதாப் பூச்செடிகள் நட்டிருந்தார்கள். அம்மா இரண்டு செடியைப் பக்குவமாய்க் கிளப்பி ஓரத்தில் வைத்துவிட்டுக் கிண்டினார். முழங்கை ஆழம் போனார். அதற்கும் கீழே போனார். நானும் கையால் துழாவினேன். வேரும் கல்லும்தான் வந்தன. பூ நட்டவர்கள் எடுத்து எறிந்திருப்பார்கள் என்று நான் சொன்னேன்.

"அவர் ஏறிப்போட்டார்," என்றார் அம்மா.

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. என்ன சொல்கிறேன் என்று தெரியாமல், "அங்கையும் ஒரு குதிரை தாட்டிருந்தா அங்கையிருந்தும் போயிருப்பார் அம்மா," என்றேன்.

அம்மா செடிகளைத் திரும்ப நட்டு, மண்ணை உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்.

"அங்கை ஆளைப் புதைக்கவே நேரமில்லை பிள்ளை," என்றார். "குதிரைக்கு எங்கை போறது?"